அக்னிவீரா, பழைய பட்டாளமா? ஒரு உஸ்தாதின் பார்வையில்

எங்கள் தெருப் பையன் ஒருவன் விடிவதற்கு முன்பே ஏரிக்கரையில் ஓடுகிறான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண் என்பது அவனுக்கு மனப்பாடம். போன வாரம் அப்பாவோடு வீட்டுக்கு வந்தான். "மாமா, அக்னிவீரா ராணுவத்துல சேர்ந்தா நாலு வருஷம்தானாமே. போகலாமா, வேண்டாமா?" என்று கேட்டான். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் பரேட் மைதானத்தில் உஸ்தாதாக, அதாவது பயிற்சியாளராக நின்று, ரங்ரூட்டுகள் என்கிற புதுச் சிப்பாய்களுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவன் நான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பணம். வீட்டில் அதைத்தானே முதலில் கேட்கிறார்கள். அக்னிவீர்களை எடுப்பதற்காக 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. அதில் 30 சதவீதத்தை சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்துவிடுவார்கள். அதனால் தொடக்கத்தில் கைக்கு வருவது 21,000. அரசும் அதே அளவு போட்டு, நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் தருகிறது; அதற்கு வருமான வரி கிடையாது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பழைய முறையில் சேர்ந்த சிப்பாய்க்கு 15 ஆண்டு முடித்தாலே ஆயுள் முழுக்க ஓய்வூதியம், அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். விடுப்பும் அப்படித்தான்: அவருக்கு ஆண்டு விடுப்பே 60 நாள், தற்செயல் விடுப்பு தனி; அக்னிவீருக்கு 30 நாள். இந்தக் கணக்கில் பழையதுதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு நெருக்கமான விஷயம் பயிற்சி. முன்பு ஒன்பது மாதத்தை ஒட்டி நடந்தது இப்போது ஆறேழு மாதமாகச் சுருங்கிவிட்டது. டிரில் என்றால் வெறும் கை வீச்சு என்று வெளியில் நினைக்கிறார்கள். திருவிதாங்கூர் படையில் இடது வலது தெரியாதவர்களுக்கு ஒரு காலில் ஓலையும் மறு காலில் சீலையும் கட்டி, "ஓலைக்கால், சீலைக்கால்" என்று நடக்கச் சொல்லிக்கொடுத்ததாக ஒரு பழங்கதை உண்டு. அந்தப் படையின் பட்டாலியன்கள் பிறகு மெட்ராஸ் ரெஜிமென்ட்டில்தான் சேர்ந்தன. என் ரங்ரூட்டுகளில் பலருக்கும் முதல் வாரம் இதே பாடுதான். வலது காலோடு வலது கையும் சேர்ந்து போகும். போதாததற்கு இந்தி தெரியாது. "சாவ்தான்", "விஷ்ராம்", "தாய்னே முட்" என்ற கட்டளைகள் எல்லாம் முதலில் வெறும் சத்தமாகத்தான் காதில் விழும். ஒரு நாள் அந்தச் சத்தம் நேராகக் காலுக்குப் போய்விடும், நடுவில் யோசனை இருக்காது. குண்டு விழும் இடத்தில், பயம் வருவதற்கு முன்பே உடம்பு உத்தரவைக் கேட்பதற்காகத்தான் அத்தனை மாதம் நாங்கள் தொண்டை கிழியக் கத்துகிறோம்.

இந்த மாற்றம் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வருவதில்லை. நான்காம் மாதம்வரை கால் பின்னிக்கொண்டே இருந்த ஒரு திருவண்ணாமலைப் பையன் என் ஸ்குவாடில் இருந்தான். பின்னாளில் ஹவில்தாராகி, தன் செக்‌ஷனை அருமையாக நடத்தினான். குறுகிய பயிற்சியில் கெட்டிக்காரன் பிழைத்துக்கொள்வான். மெதுவாகப் பழுக்கிறவனைக் காத்திருந்து எடுக்க உஸ்தாதுக்கு நாள் இருக்காது.

ஆனாலும் மையத்தில் நாங்கள் செய்வது பாதி வேலைதான். மீதியைப் பட்டாலியனில் மூத்தவர்கள் செய்கிறார்கள். கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 2020 ஜூன் 15 இரவு உயிர்நீத்து வீர சக்ரா பெற்ற ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி, 22 ஆண்டு பணி செய்தவர். அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் நிற்பதே இளம் சிப்பாய்க்குப் பெரிய பாடம். அக்னிபத்தில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். என் பெரிய கவலையும் அங்கேதான். ஒரே லங்கரில் (படைச் சமையற்கூடத்தில்) சாப்பிட்டு, ஒருவர் துப்பாக்கியை மற்றவர் காவல்காக்கும் நான்கு பேரில் ஒருவருக்குத்தான் இடம் என்றால், நாலாவது ஆண்டில் அவர்கள் ஒருவரையொருவர் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்? கூட்டாளியின் தவறைத் திருத்துவார்களா, காத்திருப்பார்களா? நல்ல பையன்கள் திருத்துவார்கள் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சோதனையை அவர்கள் தலையில் ஏற்றியிருக்கக் கூடாது.

புதிய முறைக்கும் ஒரு வலுவான நியாயம் உண்டு. படையின் சராசரி வயதை 32-இலிருந்து 26 ஆகக் குறைப்பது அதன் நோக்கம். முதுகில் சுமையோடு மலையேறும்போது இருபது வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே திட்டத்தையே தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். நான்கை ஏழோ எட்டோ ஆக்கி, பாதிப் பேரையாவது வைத்துக்கொண்டால் இளமையும் கிடைக்கும், பக்குவமும் தங்கும்.

மூன்றாவது வழியாக சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்தியப் படைகள் இருக்கின்றன. அறுபது வயதுவரை வேலை, ஆனால் அங்கும் ஊர் ஊராக அலைச்சல்தான். நிலையான சம்பளம்தான் குடும்பத்தின் முதல் தேவை என்றால் நேராக அங்கேயே தேர்வு எழுதலாம். நான்கு ஆண்டு முடித்த அக்னிவீர்களுக்கும் அங்கே இட ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள்.

பழைய கதவு இப்போது மூடியிருக்கிறது, பையனுக்குப் பதினெட்டு வயது. அவன் அப்பாவிடம், "அண்ணே, அந்த இருபத்தஞ்சு சதவீதத்தை நம்பிக் கணக்குப் போடாதீங்க. நாலு வருஷத்தை நாலு வருஷமாவே பாருங்க, சேவா நிதிப் பணத்தைக் கல்யாணச் செலவுக்குத் தொடாதீங்க, படையில இருக்கும்போதே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல டிகிரி படிக்க வையுங்க" என்றேன். பையனைச் சனி, ஞாயிறு காலையில் ஏரிக்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஓட்டம் வந்துவிட்டது. பீமில் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்குவது) பத்து எடுக்க வேண்டும், இன்னும் ஏழில் நிற்கிறான்.