நம்பர் மாறாமல் போனையும் நெட்வொர்க்கையும் மாற்ற இந்தக் கடை

போன் மட்டும் வாங்குவதானால் மதுரை டவுன் ஹால் ரோட்டில் எந்தக் கடைக்குள்ளும் நுழையலாம். விலை முன்னே பின்னே எல்லா இடத்திலும் ஒன்றுதான். போனும் மாற வேண்டும், நெட்வொர்க்கும் மாற வேண்டும், ஆனால் நம்பர் மாறக் கூடாது, அது அரை நாள்கூட முடங்கிக் கிடக்கக் கூடாது என்றால் இந்தக் கடைக்கு வாருங்கள். நான் அதற்காகத்தான் வந்தேன். நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். ஐந்தாவது ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறவள். சேலை உறை, துணிப்பை, பில் புத்தகம் எல்லாவற்றிலும் அச்சாகியிருப்பது ஒரே நம்பர். ஆர்டர் வருவது அதே நம்பர் வாட்ஸ்அப்பில், பணம் வருவதும் அதே நம்பர் யு.பி.ஐ.யில். கோயம்புத்தூரில் இருக்கிறவர்களுக்கும் சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்கும் என் கடையின் விலாசம் அந்தப் பத்து இலக்கம்தான். பழைய போனில் படம் எடுத்தால் அரக்கு காவியாகிவிடும், மயில்கழுத்து வெறும் நீலமாகிவிடும். "படத்துல பார்த்த கலர் இல்லையேக்கா" என்று சேலை திரும்பி வரும், கூரியர் செலவு என் தலையில் விழும். நெட்வொர்க்கும் வீட்டின் உள்ளறையில் எடுப்பதில்லை. ஆர்டர் பேச வாசல் திண்ணைக்கு ஓட வேண்டும். இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு அரக்குச் சேலையும் ஒரு மயில்கழுத்தும் எடுத்துப் போனேன். மற்ற கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் சங்கிலி போட்ட போனைக் காட்டி, "நூத்தி எட்டு மெகாபிக்சல்க்கா" என்பார்கள். இங்கே இருந்த தம்பி அப்படி எண் எதுவும் சொல்லவில்லை. சேலையைப் பார்த்ததும், "உள்ள டியூப்லைட்ல எடுத்தா எல்லா போனும் ஒரே மாதிரிதான் இருக்கும்க்கா, வாசலுக்கு வாங்க" என்று மூன்று டெமோ போன்களைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வாசல் படியில் வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்துச் சேலையை விரித்து, மூன்றிலும் எடுக்கச் சொன்னார். அப்புறம் கேமராவில் நிறத்தை அழகுபடுத்தும் அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார்.

அங்கேதான் வித்தியாசம் தெரிந்தது. சுங்குடிப் புள்ளி அச்சு குத்தியது போல உருண்டையாக இருக்காது. துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவதால், வெள்ளைப் புள்ளியின் நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சாயம் ஏறியிருக்கும், ஓரம் ஒழுங்கில்லாமல் நெளிந்திருக்கும். கையால் கட்டியதா, அச்சடித்ததா என்பதை வாங்குகிறவர் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். விலை கூடின போன் ஒன்று அந்த நெளிவையெல்லாம் தேய்த்து, புள்ளியை வழவழவென்று வட்டமாக்கிக் காட்டியது. கைக்கட்டுச் சேலை அதில் அச்சுச் சேலையாகிவிட்டது. அதைவிட ஐயாயிரம் குறைந்த போனில் புள்ளி புள்ளியாகவே வந்தது, அரக்கும் அரக்காகவே நின்றது. தம்பியே, "உங்க வேலைக்கு இது போதும்க்கா" என்று விலை குறைந்ததைக் கையில் கொடுத்தார். கூடுதல் விலைக்குத் தள்ளிவிடப் பார்க்காத இந்தக் குணத்துக்கே ஒரு நட்சத்திரம் தரலாம்.

பெட்டியைப் பிரித்ததும் நட்சத்திரக் குறி, ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணை வரவழைத்து, பெட்டியில் இருப்பதும் பில்லில் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா என்று என்னையே பார்க்கச் சொன்னார்கள். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அந்த எண் திருட்டுப் போனுடையதா என்றும் தெரிந்துவிடும். நான் கேட்காமலேயே இதையும் செய்து காட்டினார்கள். பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக எழுதியிருந்தது.

தவணை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையின் ஓரத்தில் ஒரு கடன் நிறுவனத்து ஆள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். "வட்டியே இல்லாத தவணைக்கா, இங்க ஒரு கையெழுத்து" என்று டேப்லெட்டை நீட்டினார். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் கட்டணமாக ஒளிந்திருக்கும் என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், இந்த மாதிரிக் கடன்களுக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று காட்டும் விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். அதுவும் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில். நான் கேட்டதும் அந்த ஆள் தேடவே ஆரம்பித்தார். கடைக்கார அண்ணன்தான் துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார்: ரொக்கமாகக் கொடுத்தால் கடை தள்ளுபடி உண்டு, தவணையில் அது கிடையாது. அதற்கு மேல் ஆவணக் கட்டணம் வேறு. இரண்டையும் கூட்டினால் வட்டி வந்து நிற்கிறது. தவணை தவறினால் போனைப் பூட்டிவிடுகிற செயலி ஒன்றையும் உள்ளே போடுவார்களாம். என் கல்லாப்பெட்டியே போனுக்குள் இருக்கும்போது அதன் சாவியை இன்னொருவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். தன் கடையில் மேஜை போட்டிருக்கிறவரின் வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று எனக்குக் கணக்குச் சொன்ன அண்ணனை நான் மறக்க மாட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகனுக்குப் போனும் நெட்வொர்க்கும் ஒரே கட்டுத்தான். இரண்டு மூன்று வருடத் தவணை, பணம் முடியும்வரை பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சிம்தான் வேலை செய்யும். நம் நாட்டிலும் 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குப் போனைக் கையில் கொடுத்து மாதாமாதம் வசூலித்தது. சிம் கார்டே இல்லாத போன் அது, நம்பர் போனுக்குள்ளேயே இருக்கும். இப்போது நமக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனால் அதே நம்பரோடு ஒரு நெட்வொர்க்குக்குப் போய்ச் சேர்ந்தால் (இதைத்தான் போர்ட் என்கிறார்கள்) 90 நாள் வரை இன்னொன்றுக்கு மாற முடியாது. தப்பான இடத்துக்குப் போனால் மூன்று மாதம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

அதனால்தான் தம்பி சொன்ன யோசனை எனக்குப் பொன்னாகத் தெரிந்தது. "உடனே போர்ட் போடாதீங்கக்கா. புதுப் போன்ல ரெண்டு சிம் போடலாம்ல? நீங்க போக நினைக்கிற நெட்வொர்க்ல ஒரு சின்ன பிரீபெய்ட் சிம் வாங்கி ரெண்டாவதா போட்டுப் பாருங்க. வீட்டுக்குள்ள எடுக்குதா, நீங்க சரக்கு எடுக்கப் போற ஊர்ல எடுக்குதான்னு பாருங்க. அப்புறம் வாங்க." அப்படியே செய்தேன். உள்ளறையில் எடுத்தது. சின்னாளப்பட்டியில் தறிக்காரர் வீட்டு முற்றத்திலிருந்து படம் அனுப்பினேன், அங்கேயும் போனது. உடனடியாக ஒரு போர்ட்டிங் கமிஷன் வரும் என்று தெரிந்தும் பொறுத்திருக்கச் சொன்ன கடை இது.

பழைய நெட்வொர்க்கின் அலுவலகத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. போஸ்ட்பெய்ட் பாக்கி எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளப் போனேன். பாக்கி இருந்தால், நெட்வொர்க் மாறத் தேவையான போர்ட் கோட் வராது. கவுன்டரில் இருந்தவர் பாக்கியைப் பார்ப்பதற்குள் எதற்காக மாறுகிறீர்கள் என்று விசாரித்தார், திட்டத்தைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். கடைசியில், "புதுப் போன்தானே, முதல்ல இந்த சிம்மை இ-சிம்மா மாத்திக்கங்க, சிக்னல் நல்லா வரும்" என்றார். அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்தான் இ-சிம். வாசலுக்கு வந்து இந்தக் கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். "வேணாம்க்கா, வேணாம்!" என்று பதறினார். 2024 ஜூலை 1 முதல் சிம்மை மாற்றினால் அடுத்த ஏழு நாளைக்கு போர்ட் கோட் கிடைக்காது. நம்பரைத் திருடுகிறவர்களைத் தடுக்க வந்த விதி அது. அதோடு சிம் மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது, வங்கி ஓ.டி.பி. உட்பட. நல்ல விதிதான், மக்கள் பணத்தைக் காக்கிற விதிதான். ஆனால் மாறப் போகிற வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லாமல் இ-சிம் போடச் சொல்வது நியாயமில்லை. தெரியாமல் சொன்னாரோ, தெரிந்தே சொன்னாரோ, கவுன்டரில் உட்காருகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம்.

பாக்கியில்லை என்று ஆனதும் போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினேன். எட்டு எழுத்துக் கோட் உடனே வந்தது. நான்கு நாள் செல்லும். அதை எடுத்துக்கொண்டு மறுபடி இந்தக் கடைக்கு வந்தேன்.

ஆதாரைச் சரிபார்க்க விரல்ரேகை வைக்கும்போதுதான் சிக்கல் வந்தது. நானும் முடிச்சுக் கட்டுகிறவள்தான். வருடக்கணக்கில் நூலை இழுத்து இறுக்கியதில் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழுக்கையாகத் தேய்ந்து கிடக்கின்றன. கருவி சிவப்பு விளக்கைத்தான் காட்டியது. ரேஷன் கடையிலும் எனக்கு இதே பாடுதான், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். இங்கே தம்பி கண்ணாடியைத் துடைத்தார், என் விரலையும் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார், இடது கை மோதிர விரலை வைக்கச் சொன்னார். அதுவும் எடுக்கவில்லை. முகம் சுளிக்காமல், "ரேகை இல்லாமலும் முடிக்கலாம்க்கா" என்று வேறு வழிக்குப் போனார். அசல் ஆதாரையும் என் முகத்தையும் அந்த நெட்வொர்க்கின் செயலியிலேயே படம் பிடித்து, என்னுடைய இன்னொரு நம்பருக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு முடித்தார். தன் சொந்த வாட்ஸ்அப்புக்கு ஆதார் படத்தை அனுப்பச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன. இவர் அப்படிக் கேட்கவில்லை, ஜெராக்ஸும் வாங்கவில்லை.

ஒரே தொலைத்தொடர்பு வட்டாரத்துக்குள் மாறினால் மூன்று வேலைநாள் என்பது கணக்கு. அதுவரை பழைய சிம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் என்னென்ன முடிக்க வேண்டும் என்று தம்பி சொன்னதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். பழைய சிம்மைப் புதுப் போனில் போட்டு, அதில் வரும் கியூ.ஆர். குறியீட்டைப் பழைய போனால் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பை மாற்றிவிட வேண்டும். கடை வைஃபையிலேயே என் கேட்டலாக், உரையாடல், படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. சாயக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பெரிய தொகையை, சிம்மைக் கழற்றுவதற்கு முன்பே பழைய போனில் அனுப்பிவிட வேண்டும், ஏனென்றால் புதுப் போனில் யு.பி.ஐ. பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் பொதுவாக அனுப்ப முடியாது. பணம் வருவதற்குத் தடையில்லை. புது சிம் உயிர் பெற்றதும் யு.பி.ஐ. செயலிகள் சிம் மாறியதைக் கண்டு மறுபடி சரிபார்க்கச் சொல்லும், அதற்கு சிம்மில் எஸ்.எம்.எஸ். அனுப்புகிற அளவு இருப்பு வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது நானே சேர்த்துக்கொண்டது. எனக்குச் சுங்குடி அதிகம் போகிற நாட்கள் அவை.

மாறும் தேதியும் நேரமும் எஸ்.எம்.எஸ்.ஸில் முன்கூட்டியே வந்தன. ராத்திரி பழைய சிம்மில் சிக்னல் போனது, புது சிம்மைப் போட்டேன், விடிவதற்குள் கோடுகள் வந்துவிட்டன. காலையில் முதல் அழைப்பு திருப்பூரிலிருந்து ஒரு அக்கா, இரண்டு சேலைக்கு. உள்ளறையில் நின்றே பேசினேன்.

இனி குறை. போனுக்கு நேர்மையாக விலை சொன்ன கடை, கண்ணாடி ஒட்டுவதிலும் கவரிலும் கை வைக்கிறது. வெளியே பாதி விலைக்குக் கிடைக்கிற சாதாரணக் கண்ணாடி அது. வேண்டாம் என்றால் வற்புறுத்துவதில்லை, ஆனால் கேட்டுவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான் இருக்கிறது. ஆவணம் சரிபார்க்கக் காத்திருக்கும் நேரத்தில் வயதானவர்கள் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்தேன். அண்ணன் இதைப் படித்தால் இரண்டு நாற்காலியாவது போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டத்தில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல முடியாது, அந்த நேரத்தில் போனால் நான் மேலே சொன்ன பொறுமை உங்களுக்குக் கிடைக்காது.

வார நாளில் காலையிலேயே போங்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடப்பதுதான் சுலபம். போர்ட் செய்வதானால் அசல் ஆதாரும், ஓ.டி.பி. வர உங்களுடைய இன்னொரு நம்பரோ வீட்டில் ஒருவருடைய நம்பரோ உள்ள போனும் கையில் இருக்கட்டும். 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவதைக் கடைக்கு வருகிற அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பல நாள் முன்பே அனுப்பினால் கோட் காலாவதியாகிவிடும்.