எல்லை தாண்டும் சுட்டெண்: எந்த மொழி என்ன செய்கிறது?

‘மதிப்பெண்’ என்று ஓர் அணி, அதாவது மதிப்புகளை வரிசையாக வைக்கும் நினைவக அடுக்கு. அதில் பத்து இடங்கள்; இடத்தைக் காட்டும் எண்தான் சுட்டெண். முதல் இடம் மதிப்பெண்[0], கடைசி இடம் மதிப்பெண்[9]. நிரலில் எங்கோ ஓரிடத்தில் மதிப்பெண்[10] என்று கேட்டுவிடுகிறோம். எந்த நிரல்மொழி பாதுகாப்பானது என்ற சண்டையில் வேகம், எழுதும் வசதி, வேலைவாய்ப்பு என எல்லாம் வந்து கலந்துவிடும். அணியைப் பொறுத்தவரை, இந்த ஒரு கேள்விக்கு மொழி சொல்லும் பதிலே எனக்குப் போதும்.

சி மொழி வாயே திறக்காது. எண் ஒன்றுக்கு நான்கு பைட் என்றால், மதிப்பெண்[10] என்பது தொடக்கத்திலிருந்து 40 பைட் தள்ளிப் போய்ப் பார் என்ற கட்டளை, அவ்வளவுதான். அணி அங்கேயே முடிந்துவிட்டது என்ற தகவல் ஓடும் நிரலில் எங்கும் இல்லை. அந்த இடத்தில் மடக்கின் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்பகுதியின்) எண்ணியே உட்கார்ந்திருக்கலாம். ‘9 வரை’ என்பதை ‘10 வரை’ என்று எழுதி, ஒவ்வோர் இடத்திலும் சுழியம் இட்டுக்கொண்டு வந்தால், பதினோராவது சுழியம் எண்ணியின் மேல் விழும். மடக்கு முதலிலிருந்து தொடங்கி முடிவில்லாமல் சுற்றும். வேறொரு கணினியில் அதே நிரல் ஒழுங்காக ஓடி முடியும். இரண்டில் மோசமானது இந்த இரண்டாவதுதான். வழு இருப்பதே தெரியாமல் நிரல் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும்.

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் தானாகவே கணினி விட்டுக் கணினி பரவிய மாரிஸ் புழு என்ற நிரல், இந்த மௌனத்தையும் ஒரு வாசலாகப் பயன்படுத்தியது. யூனிக்ஸ் கணினிகளில் ஓடிய ‘ஃபிங்கர்’ சேவை, வரும் எழுத்துகளை 512 பைட் அணி ஒன்றில் வாங்கியது. வாங்கியது ‘கெட்ஸ்’ என்ற செயற்கூறு. அணியின் அளவைக் கேட்காமலே எழுதிக்கொண்டு போகும் பிறவி அது. புழு அனுப்பியது 536 பைட். கூடுதலாக வந்தவை அடுத்திருந்த நினைவகத்தில் போய் விழ, நிரல் புழுவின் கட்டளைக்குள் குதித்தது. சி மொழியின் தரநிலையிலிருந்து கெட்ஸ் நீக்கப்பட்டது 2011-ல்தான்.

சி++ இரு வழிகளையும் வைத்திருக்கிறது. ‘வெக்டர்’ அணியில் சதுர அடைப்புக்குறி போட்டால் சோதனை இல்லை; ‘அட்’ என்று கேட்டால் எல்லையைச் சோதித்துப் பிழை எழுப்பும். சுருக்கமாக எழுத வருவது ஆபத்தான வழி, நீட்டி எழுத வேண்டியது பாதுகாப்பான வழி. மனிதர்கள் எதை எழுதுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வேகம் குறையும் என்ற பழைய சாக்கும் இப்போது எடுபடாது. அடைப்புக்குறிக்கும் சோதனை வைக்கும் கடினப்படுத்திய நூலகத்தைத் தன் சேவைகளில் இயக்கிய கூகுள், சராசரி வேக இழப்பு 0.30 சதவீதம் என்று 2024-ல் அறிவித்தது. அதற்கும் வெகு முன்பே, 1980-ல் டூரிங் விருது உரையில் கணினி அறிஞர் டோனி ஹோர் ஒன்றைச் சொன்னார்: தாங்கள் உருவாக்கிய அல்கால் மொழிக் கம்பைலரில் (நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளையாக மாற்றும் மென்பொருளில்) எல்லைச் சோதனையை நிறுத்தும் வசதி வேண்டுமா என்று கேட்டபோது, வாடிக்கையாளர்கள் ஒருமனதாக வேண்டாம் என்றார்கள்.

ஜாவா நிரலை அங்கேயே நிறுத்திவிடும். ஒரே வழு இரு மொழிகளில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு வரிசைப்படுத்திய அணியைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடல் நல்ல சாட்சி. கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் அதில் வழக்கம். அணி மிகப் பெரியதானால் அந்தக் கூட்டுத்தொகை, 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்த வழு பல ஆண்டுகள் கிடந்தது. அந்த நூலகத் தேடலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-ல் அதைப் பற்றி எழுதி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஜாவாவில் அந்தச் சுட்டெண் உடனே பிழை எழுப்பும், வரி எண்ணோடு. சி-யில் அதே கணக்கு எந்த முகவரியைத் தொடும் என்று யாரும் சொல்ல முடியாது.

பைத்தானும் நிறுத்தும், ஆனால் அரைமனதோடு. மதிப்பெண்[-1] அங்கே கடைசி இடம். எழுதச் சுகமான வசதிதான். ஆனால் சரத்தில் (எழுத்துத் தொடரில்) தேடும் ‘ஃபைண்ட்’, தேடியது கிடைக்காவிட்டால் -1 தருகிறது. அதைச் சரிபார்க்காமல் சுட்டெண்ணாகப் போட்டால், ‘கிடைக்கவில்லை’ என்ற பதில் ‘கடைசி எழுத்து’ ஆகிவிடும். பிழைச் செய்தியும் வராது. ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் தாராளம்: இல்லாத இடத்தைக் கேட்டால் ‘வரையறுக்கப்படாதது’ என்ற மதிப்பை நீட்டும், அது பத்து வரிகள் தாண்டி ஏதோ ஒரு கூட்டலைக் கெடுத்து வைக்கும்.

ரஸ்ட் மொழியில் சுட்டெண் எதிர்மறையாக இருக்கவே முடியாது. அடைப்புக்குறி போட்டால் எல்லை தாண்டும்போது நிரல் நின்றுவிடும். ‘கெட்’ என்று கேட்டாலோ ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்ற உறைக்குள் பதில் வரும். ‘இல்லை’ என்பதற்கும் ஏதாவது எழுதாமல் கம்பைலர் விடாது. (‘இல்லை’ என்றால் நிரலையே நிறுத்தும் ‘அன்ராப்’ என்று எழுதி அதன் வாயை அடைப்பவர்கள் உண்டு. அதற்கு மொழி என்ன செய்யும்?)

நிறுத்தினால் மட்டும் போதுமா என்பதற்கு 2024 ஜூலை 19 பதில் சொன்னது. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருள் 21-வது உள்ளீட்டைப் படிக்கப் போனது, கொடுக்கப்பட்டிருந்தவை 20. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. இயங்குதளத்தின் கருவுக்குள் ஓடும் நிரல் அது. ரஸ்டில் அடைப்புக்குறியோடு எழுதியிருந்தாலும் அங்கேயே நின்று கணினியை வீழ்த்தியிருக்கும். அத்தகைய இடங்களில் ‘கெட்’ வழிதான் சரி. மற்ற இடங்களில் சத்தம் போட்டு நிற்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

புதிதாகத் தொடங்கும் வேலைக்கு என் ஓட்டு ரஸ்ட் அல்லது ஜாவாவுக்கு. ஏற்கெனவே லட்சம் வரிகள் சி-யில் கிடந்தால் மொழி மாற்றும் பேச்சு உதவாது. அணியை அனுப்பும் ஒவ்வொரு செயற்கூறுக்கும் அதன் நீளத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சோதனை ஓட்டங்களை, எல்லை தாண்டி நினைவகத்தைத் தொடுவதைக் காட்டிக்கொடுக்கும் ‘அட்ரஸ் சானிட்டைசர்’ கருவியை இட்டு நடத்துங்கள். நிரல் ஏறத்தாழ இரு மடங்கு மெதுவாகும், ஆனால் அந்தப் பதினோராவது சுழியத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிடும். அணி முழுவதையும் கடக்க வேண்டும் என்றால், சி-யைத் தவிர மேலே சொன்ன எல்லா மொழிகளிலும் சுட்டெண்ணே எழுதாமல் உறுப்பு உறுப்பாக நடக்கும் மடக்கு இருக்கிறது. முதலில் அதை எடுங்கள்.