வெப்லியா, வெடித்துப்போன கேப் துப்பாக்கியா?

பழைய கைத்துப்பாக்கி ஒன்று வாங்கப்போகிறேன் என்று மதுரையில் யாரிடம் சொன்னாலும், "லைசன்ஸ் கிடைக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். எந்தத் துப்பாக்கி என்று கேட்பவர் அரிது. எனக்கு அமைந்த வாய்ப்புகள் இரண்டு. ஒன்று, இன்னமும் சுடக்கூடிய .32 வெப்லி அண்ட் ஸ்காட் பிஸ்டல் (.32 என்பது அங்குலக் கணக்கில் குண்டின் அளவு). மற்றது, குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டித்து, கேப் (அடித்தால் பொறி தெறிக்கும் சிறு உலோக மூடி) பொருத்திச் சுட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கி; இப்போது சுடாது. நான் வாங்கியது இரண்டாவதை. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அலங்காரத்துக்கென்று விற்கிற பித்தளைக் குழல் துப்பாக்கிகளைக் கணக்கில் எடுக்கவில்லை. வரவேற்பறைச் சுவருக்கு அவை போதும்.

வெப்லியின் அழகைக் குறை சொல்ல மாட்டேன். 1897இல் பர்மிங்ஹாமில் உருவான நிறுவனம் அது. லண்டன் போலீஸே 1911 முதல் இந்த .32 பிஸ்டலை வைத்திருந்தது. பெரிய .455 ரிவால்வர் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால், வெப்லி மீது ஆசைப்படுகிறவர்கள் .32இல்தான் வந்து நிற்கிறார்கள். 1980களில் தனியாருக்கான இறக்குமதி அடைபட்டதிலிருந்து, பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு விலை லட்சங்களில்தான் பேசப்படுகிறது. மேலூர்ப் பக்கம் இருக்கும் என் மாமாவிடம் ஒன்று உண்டு. நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததோடு சரி. சுடுவதில் அது எப்படி என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

அதை வைத்திருப்பதன் பாட்டை மட்டும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று எந்தத் தேர்தல் வந்தாலும் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுகிறார்கள். நடத்தை விதிகள் விலகியபின் போய்த் திரும்ப வாங்கிவர வேண்டும். ஸ்டேஷன் அறையில் அதற்கு யார் எண்ணெய் போடுவார்கள்? ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும். இரண்டோடு முடிந்துபோவதைச் சேகரிப்பு என்று எப்படிச் சொல்வது?

விற்பதிலும் இதே இழுபறிதான். தனியாள் ஒருவர் விற்பதானால் மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரிடமும் உரிமம் இருக்க வேண்டும். உரிமதாரர் காலமானால், வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்கும்வரை துப்பாக்கி ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோதான் கிடக்கும். மாமாவின் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

கேப் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை என்கிறேன். ஆனால் எல்லாக் கேப் துப்பாக்கிக்கும் அல்ல. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழங்காலத் துப்பாக்கிகளுக்கு விலக்கு தருகிறது. கூடவே, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. வில் (ஸ்பிரிங்) ஒடிந்திருக்கிறது, திருகாணி இல்லை என்பதெல்லாம் செல்லாது. வில்லை மாற்றினால் சுடுமென்றால் அது துப்பாக்கிதான், உரிமம் வேண்டும். "நூறு வருஷப் பழசு சார், லைசன்ஸே வேண்டாம்" என்று சொல்லும் வியாபாரியை நம்பி வாங்கினால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

நான் வாங்கியதன் குழல் எப்போதோ பின்புறத்தில் வெடித்துப் பிளந்திருக்கிறது. விலையைக் குறைத்த ஊனமும் அதுதான், என்னை வாங்க வைத்த தகுதியும் அதுதான். பணம் கொடுப்பதற்கு முன், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டி, எப்படிப் பழுது பார்த்தாலும் இது சுடாது என்று எழுதி வாங்கினேன். புகைப்படத்தோடு ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கிக்கொண்டேன். நூறு ஆண்டு தாண்டிய பொருளை வணிகமாக விற்க 1972 தொல்பொருள் சட்டப்படி உரிமம் தேவை என்பதால், காரைக்குடியானாலும் சென்னையானாலும் கடையின் உரிம எண் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போலிகள் ஏராளம். கும்பினிப் படைக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு, வந்தவற்றில் 1808க்குப் பிறகு கிரீடம் ஏந்திய சிங்கம் பொறித்திருக்கும். அதற்கு முன் இதய வடிவச் சின்னம். கேப் முறை படைக்கு வந்தது 1840களையொட்டித்தான். ஆகவே கேப் துப்பாக்கியில் 1790 என்று பொறித்திருந்தால், அது சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுட்ட துப்பாக்கியிலிருந்து பின்னாளில் மாற்றப்பட்டதாக இருக்க வேண்டும், அல்லது நேற்று செய்ததாக இருக்க வேண்டும். திருகாணித் தலைகள் எல்லாம் ஒரே அச்சாக, புத்தம் புதிதாக இருந்தால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டுமே துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்பில் ஏறிய கறுப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பாதி விலை போய்விடும்.

சுட்டுப் பார்க்கும் ஆசையும் உள்ளவருக்கு என் துப்பாக்கி எதற்கும் ஆகாது. அவர் வெப்லியைத் தேடுவதற்கு முன் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்துகொள்ளட்டும்.