கேஎன்எக்ஸ், மோட்பஸ் கருவிகள் உள்ள வீட்டுக்கு எது பொருந்தும்: ஹோம் அசிஸ்டன்ட்டா, ஓப்பன்ஹாபா?

விளக்கு, ஷட்டர் போன்றவற்றைக் கம்பிவழி இணைக்கும் தரமான கேஎன்எக்ஸின் கேபிள் சுவருக்குள் ஓடும் வீட்டில் விளக்கை எரியவைப்பது ஸ்மார்ட் ஹோம் மென்பொருளின் வேலை அன்று. சுவிட்சும், அதன் கட்டளையை ஏற்று விளக்கை இயக்கும் ஆக்சுவேட்டரும் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் தமக்குள்ளேயே பேசி அதை முடித்துவிடுகின்றன. சர்வர் நின்றுபோனாலும் விளக்கு எரியும். ஏற்கெனவே ஒழுங்காக ஓடும் அந்த அமைப்பைக் கெடுக்காமல் அதன் நிலையைப் படிப்பதும், வெப்பப் பம்பு, சூரிய மின் இன்வெர்ட்டர் போன்ற, மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு நெறிமுறையில் பேசும் கருவிகளை அதனோடு சேர்ப்பதுமே மென்பொருளுக்கு எஞ்சியிருக்கும் வேலை. 2013இல் வந்த ஹோம் அசிஸ்டன்ட்டையும், அதற்கு மூன்றாண்டு மூத்த ஓப்பன்ஹாபையும் இந்த அளவுகோலில்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். இரண்டும் வீட்டுக் கணினியிலேயே இயங்கும்.

கேஎன்எக்ஸைப் பொறுத்தவரை ஹோம் அசிஸ்டன்ட்டின் கை ஓங்கியிருக்கிறது. கேஎன்எக்ஸ் கருவிகளை அமைக்கும் இடிஎஸ் மென்பொருளில் உருவான திட்டக் கோப்பை அதில் ஏற்றிவிட்டால், பஸ்ஸில் (கருவிகளை இணைக்கும் பொதுக் கம்பியில்) போகும் ஒவ்வொரு செய்தியும் 1/1/5 என்ற வெற்று முகவரி எண்ணாக இல்லாமல் ‘கூடம், மேல்விளக்கு’ என்று பெயரோடு திரையில் வருகிறது. பிழை தேடுவோருக்கு இது பெரிய உதவி. (அந்தக் கோப்பைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது.) ஓப்பன்ஹாபில் பெரும்பாலும் முகவரிகளைச் சேனல் சேனலாக (ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் ஓர் இணைப்பாக) நாமே எழுத வேண்டியிருக்கிறது. ஆனால், சுவரிலுள்ள கேஎன்எக்ஸ் சுவிட்சைக் கொண்டு பஸ்ஸுக்கு வெளியே இருக்கும் வேறொரு விளக்கை இயக்குவதற்கென்றே தனிச் சேனல் வகையை அது வைத்திருக்கிறது. இதனால் அந்த விளக்கின் நிலையைச் சுவிட்சுக்குத் திருப்பிச் சொல்லும் வேலை எளிதாகிறது.

சன்னலை மறைக்கும் ஷட்டரில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. கேஎன்எக்ஸில் 0 விழுக்காடு என்றால் முழுதும் திறந்தது, 100 என்றால் முழுதும் மூடியது. ஓப்பன்ஹாபும் அதே வழக்கத்தைப் பின்பற்றுகிறது. ஹோம் அசிஸ்டன்ட்டில் 100 என்பதே முழுத் திறப்பு. அதன் கேஎன்எக்ஸ் இணைப்பு எண்ணைத் தானே திருப்பிக்கொள்ளும் என்றாலும், பஸ்ஸிலிருந்து நேரடியாக மதிப்பைப் படித்துத் தானியங்கி விதி எழுதுபவர் இதை மறந்தால், வெயில் ஏறும்போது ஷட்டர் மூடுவதற்குப் பதிலாகத் திறந்துகொள்ளும்.

மோட்பஸில் நிலைமை தலைகீழ். 1979இல் தொழிற்சாலைகளுக்காகப் பிறந்த இந்த நெறிமுறையில் கருவி தானாக எதையும் சொல்லாது. நாம்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஓப்பன்ஹாபில் ஒரு ‘போலர்’ (திரும்பத் திரும்பக் கேட்கும் பகுதி) அடுத்தடுத்த பதிவேடுகளை (கருவி தன் மதிப்புகளை வைத்திருக்கும் எண்ணிட்ட இடங்களை) ஒரே கேள்வியில் மொத்தமாக வாங்கிக்கொள்ள, அதிலிருந்து மின்னழுத்தம், திறன், வெப்பநிலை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தெடுக்கலாம். ஹோம் அசிஸ்டன்ட்டில் பொதுவாக ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு கேள்வி போகிறது, அமைப்பையும் யாமல் என்ற உரை வடிவக் கோப்பில் எழுத வேண்டும். மோட்பஸ் கருவிகளை இணைக்கும் மெதுவான ஆர்எஸ்-485 கம்பி இணைப்பில் முப்பது நாற்பது மதிப்புகள் சேரும்போது தாமதம் கண்ணுக்குத் தெரியும். முதல் இலக்கம் பதிவேட்டின் வகையைக் குறிப்பதாலும், எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதாலும், கையேட்டில் 40108 என்றுள்ள பதிவேட்டுக்கு 107 என்று எழுத வேண்டிய தொல்லை மட்டும் இரண்டிலும் பொதுவானது.

ஹோம் அசிஸ்டன்ட் மாதந்தோறும் புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஓப்பன்ஹாப் ஆண்டுக்கு இருமுறை. இருபது ஆண்டு உழைக்கும் கருவிகளைச் சுவரில் பதித்தவருக்கு இரண்டாவது வேகமே போதும் என்பது என் எண்ணம்.

விளக்கும் ஷட்டரும் மிகுந்த கேஎன்எக்ஸ் வீட்டுக்கு ஹோம் அசிஸ்டன்ட்டையும், மின்மானிகளும் வெப்பப் பம்புகளும் மிகுந்த வீட்டுக்கு ஓப்பன்ஹாபையும் பரிந்துரைப்பேன். இரண்டையும் சேர்த்து இயக்க விரும்புவோர், ஒரே ஆர்எஸ்-485 இணைப்பில் இரண்டு மாஸ்டர்கள் (கேள்வி கேட்பவை) இருக்க முடியாது என்பதால், மோட்பஸைக் கேட்கும் பொறுப்பை ஓப்பன்ஹாபிடம் மட்டும் விட்டு, மதிப்புகளை எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறை வழியாக மற்றதற்கு அனுப்ப வேண்டும்.