ஓபன் ரெயில்ஸில் நாலு வருடம்: பெட்டி தன்பாட்டில் உருளும் கணக்கு

2021 கடைசியில் ஓபன் ரெயில்ஸ் என்ற ரயில் ஓட்டும் மென்பொருளை லாப்டொப்பில் இறக்கினேன். இலவசம். 2001இல் வந்த மைக்ரோசொஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்கென்று செய்த பழைய பாதைகளையும் பெட்டிகளையும் அப்படியே வாசிக்கும். படத்தைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது பவரை நிறுத்திய பிறகு ரயில் எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி.

இதைக் கவனிக்க வைத்தவர் பெரியப்பா. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுபோகும்வரை யாழ்ப்பாணம் போகும் வடக்குப் பாதையில் கார்ட்டாக இருந்தவர். இணையத்தில் இறக்கிய பத்துப் பெட்டிகளைக் கோத்து, நானே போட்ட ஒரு நேர்பாதையில் ஓட்டிக் காட்டினேன். 72 கிலோமீற்றர் வேகத்தில் பவரை வெட்டினேன். இரண்டு கிலோமீற்றருக்குள் ரயில் சோர்ந்து நின்றுவிட்டது. மனிசன் சிரித்தார். "மோனை, இது கோச்சி இல்லை. மணல் ஏத்தின லாண்ட்மாஸ்டர்."

கோச்சி என்றால் ரயில்; லாண்ட்மாஸ்டர் எங்களூர் இருசில்லு உழவு இயந்திரம். அவர் சொன்னது சரி. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளுவதற்கும் ரயர் தாரில் உருளுவதற்கும் இடையில் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம் உண்டு. பெட்டியின் கோப்பைத் திறந்து பார்த்தபோது, வேறெதோ சரக்கு வண்டியின் உராய்வு எண்களை யாரோ அப்படியே ஒட்டியிருந்தது தெரிந்தது.

மலைநாட்டுப் பாதையில் ஓட்டுகிறவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. கடுகண்ணாவ ஏற்றம் 44க்கு 1. அங்கே 40 தொன் பெட்டி ஒன்றைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறத்தாழ 8,900 நியூட்டன். 36 கிலோமீற்றர் வேகத்தில் அதே பெட்டியின் உருளல் எதிர்ப்பு 600 சொச்சம்தான். அது இரட்டிப்பாகப் பிழைத்தாலும் மலை அதை விழுங்கிவிடும். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று வரும் எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வளைவும் குறைவு. பிழையான எண் போட்டால் அடுத்த ஸ்டேசனுக்கு முன்பே அம்பலமாகிவிடும். ரயில் உராய்வைப் படிக்க வன்னியைப் போல நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி.

சரி, கணக்குக்கு வருவோம். 1926இல் டேவிஸ் என்பவர் தந்த சூத்திரத்தில் மூன்று பகுதிகள். வேகத்தோடு மாறாத ஒன்று, வேகத்தோடு ஏறும் ஒன்று, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் ஒன்று. முதலாவது பேரிங், மூன்றாவது காற்று, நடுவில் இருப்பது சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான ஆட்டம் பாட்டம். ஓபன் ரெயில்ஸும் இந்த மூன்றையும் ஏ, பி, சி என்று மூன்று வரிகளாகக் கேட்கிறது. எஃப்கால்க் என்ற சின்ன நிரலில் பெட்டியின் விவரத்தைக் கொடுத்தால் எண்களைத் தந்துவிடும். நான் இந்தக் கணக்கைத் தொடங்கிய காலம் 2022 மின்வெட்டுக் காலம். லாப்டொப் பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்காது. ஆகவே கொப்பியில் பென்சிலால் போட்டேன்.

40 தொன் பெட்டி, நாலு அச்சு. சூத்திரம் அமெரிக்க அளவில் இருப்பதால் 2,000 இறாத்தல் தொன்னுக்கு மாற்ற வேண்டும்: 44.1 தொன், அச்சுக்கு 11. பழைய டேவிஸ் கணக்கில் முதலாவது பகுதிக்கு 1.3உடன், 29ஐ 11ஆல் வகுத்துக் கூட்டினால் தொன்னுக்கு 3.9 இறாத்தல். முழுப் பெட்டிக்கு 771 நியூட்டன். ரோலர் பேரிங் வந்த பிறகு திருத்திய கணக்கில் 0.6உடன் 20ஐ 11ஆல் வகுத்துக் கூட்டினால் 474 நியூட்டன்தான். இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். இஞ்சினைச் சேர்க்காமல், பெட்டிகளை மட்டும் கணக்கெடுத்தால், 72இலிருந்து 36க்கு இறங்கப் பழைய எண்ணில் 5 கிலோமீற்றர், புதிய எண்ணில் 8 கிலோமீற்றர். ஒரு பேரிங்குக்காக மூன்று கிலோமீற்றர்!

நான் வழுக்கி விழுந்தது மூன்றாவது எண்ணில். முகப்பு 120 சதுர அடி என்று எடுத்தால், மைல் கணக்கில் 0.0408 வரும். அதை இறாத்தலிலிருந்து நியூட்டனாக்க 4.448ஆல் பெருக்கி, மீற்றர், செக்கனுக்கு மாற்ற 0.447ஆல் வகுக்க வேண்டும். வேகம் வர்க்கத்தில் நிற்பதால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். நான் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டேன். 0.9 வரவேண்டிய இடத்தில் 0.4. மெதுவாக ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. 100க்கு மேல் போனால்தான் ரயில் நெய் தடவினமாதிரி வழுக்கியது. இரண்டு மாதம் பிறேக்கைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த மென்பொருளில் என் பெரிய மனத்தாங்கல் இதுதான்: என்ன எண் போட்டாலும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். எஃப்5 அழுத்தினால் வரும் விசைப் பக்கத்தில் ஒவ்வொரு பெட்டியின் உராய்வும் தெரியும். அதைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கடைசியில் பிழையைப் பிடித்தேன்.

நிஜ ரயிலோடும் ஒருமுறை சரிபார்த்தேன். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு, இஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் இருந்து, போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். இஞ்சின் சத்தம் தணிந்ததும் நேரம் குறிக்கத் தொடங்குவது. 70 அளவில் ஒரு கிலோமீற்றர் வேகம் குறைய 10இலிருந்து 13 செக்கன் எடுத்தது. என் கொப்பி சொன்னது 12. பக்கத்தில் இருந்த அம்மா நான் யாருக்கோ மெசேஜ் போட்டுக்கொண்டிருப்பதாகவே கடைசிவரை நினைத்திருப்பார். இது ஆய்வுகூடச் சோதனை இல்லை என்பது எனக்கும் தெரியும். றைவர் எப்போது பிறேக்கைத் தொட்டார் என்று பெட்டிக்குள் இருந்து எப்படிச் சொல்வது? வேறொரு பயணத்தில், சோளகக் காற்று அடிக்கும் மாதத்தில் பரந்தனுக்கு வடக்கே, ஆனையிறவு வெளியில் குறித்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவே இல்லை. அவற்றை விட்டுவிட்டேன். காற்றின் திசையையும் கணக்கில் எடுக்கும் தெரிவு ஓபன் ரெயில்ஸில் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுவிட்டு எண்களைச் சோதிக்காதீர்கள், எது எதால் வந்தது என்று பிரிக்க முடியாது.

இன்னொரு பொறி: சூத்திரத்தின் காற்று எண், முன்னால் போகும் இஞ்சினுக்குப் பயணிகள் பெட்டியைவிட ஏழு மடங்கு. இஞ்சின் கோப்பைப் பிரதி எடுத்துப் பெட்டி செய்தால் அந்த எண்ணும் கூடவே வரும்.

எண்கள் சரியான பிறகு ஓட்டுகிற விதமே மாறியது. சமதரையில் 72இல் போக, பத்துப் பெட்டிக்கும் சேர்த்து 250 குதிரைத்திறன்கூட வேண்டாம். முன்பெல்லாம் பவரைப் பிடித்தபடியே ஸ்டேசன்வரை போவேன். இப்போது வெகு தூரத்திலேயே வெட்டிவிட்டுச் சும்மா இருக்கிறேன். பழைய எண்ணெய்ப் பெட்டிப் பேரிங் உள்ள வகன்கள் மட்டும் இன்னும் வசப்படவில்லை. அவை ஓடத்தொடங்கும்போது கேட்கும் இழுப்பு வேறு, ஓடும்போது வேறு. பேரிங் வகையைக் கோப்பில் குறித்தால் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்தான். ஆனாலும் முதல் அசைவு எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாகவே படுகிறது.

போன தைப்பொங்கலுக்குப் பெரியப்பா வந்திருந்தபோது அவரையே ஓட்ட விட்டேன். மாங்குளத்துக்கு எத்தனையோ கிலோமீற்றர் முன்பே பவரை வெட்டச் சொன்னார், கையைக் கட்டிக்கொண்டு இருந்தார், மேடை தெரிந்த பிறகுதான் பிறேக். நின்ற பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இப்ப கோச்சிதான்," என்றார். "ஆனா தண்டவாளப் பூட்டுச் சத்தம் எங்கை?"