நாஷ்வில்லில் பாட வரும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு: ‘ஆர்டிஸ்ட் டெவலப்மென்ட் பேக்கேஜ்’ ஜாக்கிரதை

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கன்ட்ரி மியூசிக் ஆசை இருந்து, அதன் தலைநகரான டென்னசியின் நாஷ்வில்லுக்கு வருவதாக இருந்தால், இதைப் படித்த பிறகு செக் புத்தகத்தை எடுங்கள். ‘உங்கள் மகளைப் பாடகியாக்குகிறோம்’ என்று ஒரு பேக்கேஜை விற்று எங்களிடம் 6,800 டாலர் கறந்துவிட்டார்கள். திரும்பி வந்தது பாதிகூட இல்லை. கம்பெனி பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் அவர்கள் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

என் மகள் டென்னசியிலேயே பிறந்து வளர்ந்தவள். பாட்டு வகுப்புக்கு அனுப்பி வர்ணம் வரை கற்றுக்கொடுத்தோம். ஒட்டிக்கொண்டது என்னவோ கிட்டாரும் கன்ட்ரியும்தான். நாஷ்வில்லின் புளூபேர்ட் கஃபேயில், புதியவர்கள் மேடையேறும் திங்கட்கிழமை ஓப்பன் மைக்கில் பாடினாள். 1982-ல் தொடங்கிய சின்ன இடம் அது. கன்ட்ரி நட்சத்திரம் கார்த் புரூக்ஸ் அங்கே பாடியதைக் கேட்டுத்தான் 1988-ல், பாட்டை வெளியிடும் ‘லேபிள்’ நிறுவனமான கேப்பிடல் அவரை எடுத்துக்கொண்டது. டெய்லர் ஸ்விஃப்ட் லேபிள்காரர் கண்ணில் பட்டதும் அங்கேதான். இங்கே பாட வருகிற எல்லோருக்கும் இந்தக் கதைகள் மனப்பாடம். ஏமாற்றுகிறவர்களுக்கு முதலீடே இவைதான்.

என் மகள் வீடியோ போட்டதும் இன்ஸ்டாகிராமில் செய்தி வந்தது. “உன் குரலில் ஏதோ இருக்கிறது, மூன்று மாதத்தில் லேபிள்காரர்கள் முன்னால் நிறுத்துகிறேன்” என்றார் அந்த ‘புரொடியூசர்’. கார்த் புரூக்ஸ் 1985-ல் நாஷ்வில் வந்து ஒரே நாளில் ஊர் திரும்பியதும், 1987-ல் மறுபடி வந்து பூட்ஸ் கடையில் வேலை பார்த்ததும், லேபிள்கள் அவரை வேண்டாம் என்றதும் இந்தப் புரொடியூசர் வாயில் வரவில்லை. இன்னொரு கன்ட்ரிப் பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டனும் மூன்று மாதத்தில் ஜெயிக்கவில்லை. 2001-ல் வந்தார்; பிறருக்குப் பாட்டு எழுதியே காலம் ஓட்டி, 2015-ல்தான் தன் பெயரில் முதல் தனி ஆல்பம் போட்டார். பாடகி லெய்னி வில்சன்கூட 2011-ல் வந்து, வண்டியில் இழுத்துச் செல்லும் கேம்பர் டிரெய்லரில் குடியிருந்தவர்.

பேக்கேஜ் என்பது மூன்று பாட்டு ரெக்கார்டிங், ரேடியோ புரொமோஷன், ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட், கடைசியில் லேபிள்காரர்கள் முன்னால் பாடிக்காட்டும் ஒரு ‘ஷோகேஸ்’. பாதி கார்டில் கட்டினோம், மீதி செக். அந்தச் செக்கில் ஒரு பங்கு, நாஷ்வில்லின் பிராட்வே தெரு பார்களில் அவள் நாலு மணி நேர ஷிஃப்டாக நின்று பாடி டிப் பக்கெட்டில் சேர்த்த காசு.

ரெக்கார்டிங் புறநகரில் ஒரு வீட்டின் கராஜில் நடந்தது. நாஷ்வில்லில் முறையான செஷன் என்றால் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஸ்வரக்கூட்டுகளை (chord) எண்களில் எழுதிய தாளைப் பார்த்து வாசிப்பார்கள். ஒரு மூன்று மணி நேர செஷனிலேயே சில பாட்டுகள் முழுதாக முடிந்துவிடும். இங்கே ஒரு டிரம்மர்கூட இல்லை. “பேண்ட் நேற்றே வாசித்துவிட்டுப் போய்விட்டது” என்றார் அவர். அப்புறம் ஒரு நாள் யூடியூபில் வேறொரு பெண்ணின் பாட்டைக் கேட்ட மகள் என்னைக் கூப்பிட்டாள்: “அப்பா, இதைக் கேளுங்க.” அதே ஸ்டீல் கிட்டார் முன்னிசை. மூன்றாவது தாளச் சுற்றில் வரும் அந்த இழுப்புகூட மாறவில்லை. ஒரே டிராக்கை எத்தனை பேர் தலையில் கட்டினார்களோ!

ரேடியோ ரிப்போர்ட் என்று ஒரு தாள் வந்தது. அதில் இருந்த ஸ்டேஷன்களைத் தேடினால் பெரும்பாலும் ஆள் கேட்காத இன்டர்நெட் ஸ்டேஷன்கள். பிளேலிஸ்ட்டோ அதைவிட மோசம். ஒரே வாரத்தில் 40,000 ஸ்ட்ரீம் ஏறியது. ஏறியதெல்லாம் கடல் கடந்த ஒரே ஊரிலிருந்து. பாட்டைச் சேமித்து வைத்தவர் ஒருவர் இல்லை. போலி ஸ்ட்ரீம் என்று கண்டுபிடித்து, பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்றிக்கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் பாட்டையே இறக்கிவிட்டார். காசும் போய், இருந்த பாட்டும் போனது. ஸ்பாட்டிஃபை 2024 முதல் இப்படிப்பட்ட பாட்டுகளுக்கு டிஸ்ட்ரிப்யூட்டரிடம் அபராதம் வாங்குகிறது. எனவே அவர்களும் தயவு பார்ப்பதில்லை.

ஷோகேஸ் ஒரு ஹோட்டல் ஹாலில். முப்பது டிக்கெட்டை மகளே விற்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் சொன்னார்கள். லேபிள்காரர் யாரும் வரவில்லை. கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அடுத்துப் பாடப்போகும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்தான். ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் கைதட்டிக்கொண்டோம்.

இதையெல்லாம்கூட ஒழியட்டும் என்று விடலாம். ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘பப்ளிஷிங்’ என்ற பத்தியை விட முடியாது. அவள் எழுதிய மூன்று பாட்டுகளின் பப்ளிஷிங் பங்கும், அதாவது பாட்டின் உரிமையும் அதில் வரும் வருமானப் பங்கும், காப்புரிமைக் காலம் முழுக்க அவர்களுக்கு. கன்ட்ரி ஜாம்பவான் வில்லி நெல்சன் ஒரு காலத்தில் கைச்செலவுக்காக 50 டாலருக்குத் தன் பாட்டை விற்றார். அது கொடுமைதான், ஆனால் காசு அவர் கைக்கு வந்தது. நாங்கள் காசும் கொடுத்து உரிமையும் கொடுத்திருக்கிறோம்! நாஷ்வில்லின் இசை நிறுவனங்கள் இருக்கும் மியூசிக் ரோவில் முறையாக இருக்கும் பப்ளிஷர், பாட்டு சம்பாதித்தால்தான் பங்கு எடுப்பார். பிடித்துப்போனால் எழுதுகிறவருக்கு முன்பணம் தருவார். உங்களிடம் பில் நீட்டும் பப்ளிஷருக்கு உங்கள் பாட்டு ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான்.

டெமோ (மாதிரிப் பதிவு) செய்துதரும் ஸ்டுடியோவுக்குக் காசு கொடுப்பது தவறே இல்லை, அது கூலி. ஆனால் யார் வாசிக்கிறார்கள் என்று பெயர் கேளுங்கள், செஷனில் கூடவே இருங்கள், பாட்டின் உரிமை பற்றி அங்கே ஒரு வரிகூட இருக்கக்கூடாது. பாட்டைப் பற்றி அபிப்பிராயம் வேண்டுமென்றால் நாஷ்வில் சாங்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினராகலாம். அனுபவமுள்ளவர்கள் கேட்டுச் சொல்கிறார்கள். காப்பிரைட் பதிவை நீங்களே ஆன்லைனில் செய்யலாம். எங்களிடம் அதற்கு மட்டும் 300 டாலர் போட்டிருந்தார்கள்.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு: கார்டில் கட்டியிருந்தால், அந்தக் கட்டணம் இருக்கும் முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எங்களுக்கு வந்த காசு அந்த வழியில் வந்ததுதான். செக்கில் கொடுத்ததில் ஒரு சென்ட் வரவில்லை. டென்னசி அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பப்ளிஷிங் பத்திக்கு மட்டும் கட்டாயம் ஒரு மியூசிக் வக்கீலைப் பாருங்கள். எங்கள் வக்கீலின் ஒரே கடிதத்தில் இரண்டு பாட்டுகளின் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதற்கு இன்னும் இழுத்தடிக்கிறார்கள். அந்தப் பாட்டுக்குத்தான் அந்த ஸ்டீல் கிட்டார் முன்னிசை; அதே டிராக் உங்கள் பிள்ளையின் பாட்டிலும் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், வக்கீல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.