ஐந்து வருடம் பாவித்த வரைபுக் கணிப்பான்

இலங்கையின் தலவாக்கலையில் பின்னேரங்களில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கனடாவிலிருந்து வந்த மைத்துனர், தன் மகள் பாவித்து முடித்த டிஐ-84 பிளஸ் கணிப்பானை என் கையில் கொடுத்து ஐந்து வருடமாகிறது. 2004இல் விற்பனைக்கு வந்த மாதிரி. கறுப்பு வெள்ளைத் திரை, அதில் 96க்கு 64 புள்ளிகள். கைபேசிக்குப் பக்கத்தில் வைத்தால் கிழவன்தான். வரைபு கீறுவதற்கென்றே பெயரெடுத்த கருவியில் நான் வரைபைத் திறப்பது அரிது. எனக்கு வேண்டியது, ஒரு சமன்பாட்டுக்கு ஒவ்வொரு எக்ஸ் பெறுமானத்திலும் வரும் விடையை வரிசையாகக் காட்டும் அதன் அட்டவணை.

இருபடிச் சார்பின் அட்டவணையில் ஒரு பெறுமானத்தை வெறுமையாக விட்டு, நிரப்பி வரைபு கீறச் சொல்லும் வினா சாதாரண தரத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. வாரத்துக்கு ஏழெட்டு வினா நானே தயாரிக்க வேண்டும். முன்பு பெறுமானங்களைக் கையால் போட்டுப் பார்ப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். இப்போது சமன்பாட்டைப் பதிந்து, தொடக்கம் −2, இடைவெளி 1 என்று கொடுத்தால் போதும். ஒரு திரைக்கு ஏழு வரி. −2 முதல் 4 வரை அப்படியே அடங்கிவிடும்.

இடைவெளியில்தான் கவனம் வேண்டும். எக்ஸ்² − 3எக்ஸ் + 1 என்ற சார்பில் எக்ஸை ஒவ்வொன்றாக ஏற்றினால், எக்ஸ் 1 ஆகும்போதும் 2 ஆகும்போதும் −1 வரும். அதுதான் இழிவுப் பெறுமானம் என்று பிள்ளை தட்டையாகக் கீறிவிடும். இடைவெளியை 0.5 ஆக்கினால் 1.5இல் −1.25 தலைகாட்டும். வேறு சார்புகளில் பூச்சியத்தால் வகுக்க நேர்கிற இடத்தில் அட்டவணை எண்ணுக்குப் பதிலாகப் பிழை என்று காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஒரு நாள் நன்றாக மாட்டிக்கொண்டேன். வை = 3 + 2எக்ஸ் − எக்ஸ்² என்பதற்கு, எக்ஸ் −2 ஆகும்போது 3 என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். பிழை என்று சிவப்பு மையால் வெட்டினேன். "சேர், உங்கள் கணிப்பானில் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். சாதாரணத் திரையில் எண்களை வரிசையாக அழுத்தினாள். 3 வந்தது. வகுப்பே என்னைப் பார்த்தது. அட்டவணையைத் திறந்தேன், −5. ஒரே கருவி, இரண்டு விடை!

ஒரு நிமிடம் விழித்த பிறகுதான் விளங்கியது. அடைப்புக்குறி இல்லாமல் −2² என்று அழுத்தினால், கணிப்பான் முதலில் 2ஐ வர்க்கித்து, பிறகு மறைக்குறியைச் சேர்த்து −4 என்கிறது. அதைக் கழிக்கும்போது 4 கூடிவிடுகிறது. அட்டவணையோ −2ஐ மறைக்குறியோடு ஒரே எண்ணாக எடுத்து வர்க்கிக்கிறது. அவள் தாளில் செய்ததும் அச்சொட்டாக அந்தப் பிழையேதான். எக்ஸ் 4க்கு நேரே −5 இருப்பதையும், சமச்சீர் அச்சு எக்ஸ் = 1 என்பதால் −2உம் 4உம் அதிலிருந்து சம தூரம் என்பதையும் பார்த்திருந்தால் கருவியே வேண்டாம் என்று பிறகு காட்டினேன். வெட்டிய எனக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை என்பதைச் சொல்லவில்லை.

அதிலிருந்து அட்டவணையைக் கேட்கும் முறைக்கு மாற்றித்தான் பிள்ளைகள் கையில் கொடுக்கிறேன். அதில் நாம் கொடுக்கும் எக்ஸ் பெறுமானத்துக்கு மட்டுமே விடை வரும். முதலில் தாளில் போட வேண்டும், பிறகு ஒரே ஒரு எண்ணைச் சரிபார்க்கலாம். பரீட்சை மண்டபத்துக்குள் கணிப்பான் வராது அல்லவா!

வெறும் அட்டவணைக்காக இதைத் தேடி வாங்க வேண்டியதில்லை. கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸிலும் அட்டவணை உண்டு. 30 வரிக்கு மேல் போகாது, சாதாரண தர வினாவுக்கு அது தாராளம். டிஐயில் திரைக்குப் பின்னால் வெளிச்சம் இல்லை. ஆடி மாத மழைமூட்டத்தில் மின்சாரம் போனால் மெழுகுதிரியைக் கிட்டக் கொண்டுவந்துதான் எண்களைப் பார்க்கிறேன். நான்கு சிறிய பற்றரி போட வேண்டும். திரை மங்கத் தொடங்கியதும் கறுப்பைக் கூட்டிக் கூட்டி இன்னும் இரண்டு வாரம் ஓட்டிவிடுவேன்.